கலைச்சொல் முன்மொழிவு: ‘வான்வெளி’ வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு

அனைவருக்கும் வணக்கம்.

வட சைப்ரஸில் இருக்கும் எர்ஜான் விமான நிலையத்தைப் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றை ஒரு மாதமாக மொழிபெயர்த்து வருகிறேன். முதல் வரைவை அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு, “நிக்கோசியா எஃப்.ஐ.ஆர்.னு எழுதியிருக்கியே, யார் மேல எஃப்.ஐ.ஆர்.?” என்று கேட்டார். அவர் கேட்டது சரிதான். தமிழ்நாட்டில் நாளிதழ் படிக்கிற யாருக்கும் அந்த மூன்றெழுத்து காவல் நிலையத்து முதல் தகவல் அறிக்கைதான். விமானத் துறையில் அதே எழுத்துகள் ‘ஃப்ளைட் இன்ஃபர்மேஷன் ரீஜன்’ என்பதைக் குறிக்கும் என்று அடிக்குறிப்பு போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் கட்டுரையின் உயிரே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. அடிக்குறிப்பில் ஒதுக்க மனம் வரவில்லை.

போன வாரம் நம் குழுவில் இதற்குத் தமிழ்ச்சொல் கேட்டபோது ‘வான்வெளி’ போதுமே என்று இரண்டு பேர் எழுதினீர்கள். ஏன் போதாது என்று சொல்ல, எர்ஜானின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அந்த இடம் பிரிட்டிஷ்காரர்கள் காலத்து ஓடுதளம். பக்கத்து ஊரின் பெயரால் டிம்பு என்று வழங்கியது. கிரேக்க சைப்ரஸ்காரர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். 1974 ஜூலையில் துருக்கிப் படை தீவில் இறங்கியது. தீவு வடக்கு, தெற்கு என்று பிரிந்தது. தலைநகர் நிக்கோசியாவின் விமான நிலையத்தில் 1968இல்தான் புது முனையம் கட்டியிருந்தார்கள். சண்டையில் அது மூடப்பட்டு, ஐ.நா. காவலில் போய், இன்றுவரை திறக்கவே இல்லை. பழைய டிரைடன்ட் விமானம் ஒன்று அங்கேயே நின்று துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. தெற்கில் 1975 தொடக்கத்தில் லார்னகாவை அவசரமாகத் திறந்தார்கள். வடக்கில் டிம்பு எர்ஜான் ஆனது. ஃபெஹ்மி எர்ஜான் 1974 போரில் இறந்த துருக்கி விமானி. (துருக்கியில் அந்த ‘சி’ எழுத்தின் ஒலி ‘ஜ’. நம் இதழ்களில் வரும் ‘எர்கான்’ தவறு. இதையும் கையோடு திருத்திவிடுவோம்.)

1974 அக்டோபரிலேயே, தெற்கை ஆளும் சைப்ரஸ் குடியரசு, வடக்கில் உள்ள துறைமுகங்களும் விமான நிலையங்களும் பன்னாட்டுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டவை என்று அறிவித்துவிட்டது. 1983 நவம்பரில் வடக்கு தன்னைத் தனி நாடாக அறிவித்தது. சில நாட்களுக்குள் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 541ஆம் தீர்மானம் அந்த அறிவிப்பு சட்டப்படி செல்லாது என்றது. துருக்கியைத் தவிர எந்த நாடும் அதை ஏற்கவில்லை.

அதனால் எர்ஜானுக்குப் போகிற விமானம் எங்கிருந்து கிளம்பினாலும் துருக்கியில் ஒருமுறை தரை தொட்டாக வேண்டும். லண்டனில் ஏறியவர் அன்டால்யாவிலோ இஸ்தான்புல்லிலோ இறங்கிக் கிளம்புவார். முன்பெல்லாம் இருக்கையை விட்டே எழ வேண்டியதில்லை. 2017இலிருந்து, எர்ஜானில் ஏறிப் பிரிட்டனுக்குப் போகிறவர்கள் துருக்கியில் மூட்டை முடிச்சோடு இறங்கி, மறுபடி சோதனைக்கு நின்று, வேறு விமானத்தில் ஏற வேண்டியிருக்கிறது. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையில் பையை இழுத்தபடி நள்ளிரவில் வரிசையில் நிற்கும் தாய்க்கு, பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ ஒப்பந்தம் என்பது அந்த வரிசைதான். தபாலுக்கும் இதே கதி. வட சைப்ரஸுக்கு எழுதும் கடிதத்தில் துருக்கி நகரான மெர்சினின் பெயரில் ‘மெர்சின் 10, துருக்கி’ என்று எழுதினால்தான் போய்ச் சேரும்.

இந்த நிறுத்தத்தை நான் ‘தொடுதரை நிறுத்தம்’ என்று எழுதியிருக்கிறேன். யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் அதை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

இப்போது ‘வான்வெளி’க்கு வருகிறேன். 1944ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தத்தில் முதல் பிரிவே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பகுதிக்கு மேலே உள்ள வான்வெளியில் முழுமையான, தனிப்பட்ட இறையாண்மை உண்டு என்கிறது. ‘வான்வெளி’ அந்தப் பொருளில் நமக்கு நன்றாக ஊன்றிய சொல். பிரிட்டனிலிருந்து எர்ஜானுக்கு நேராகப் பறக்க அனுமதி கேட்டு வட சைப்ரஸின் விமான நிறுவனம் லண்டனில் வழக்குப் போட்டது. 2009இல் உயர் நீதிமன்றம் மறுத்தது, 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. சைப்ரஸ் குடியரசுக்கு அந்த ஒப்பந்தம் தரும் உரிமைகளைப் பிரிட்டன் மதித்தாக வேண்டும் என்பதுதான் காரணம். இது இறையாண்மை வழக்கு. இங்கே வான்வெளி என்று எழுதினால் பொருத்தமாக இருக்கிறது.

ஆனால் எஃப்.ஐ.ஆர். உடைமை பற்றியது அல்ல. அதன் வரையறை மிக எளிமையானது: விமானங்களுக்குப் பறப்புத் தகவலும் எச்சரிக்கைச் சேவையும் தரப்படுகிற, அளவு குறித்த வான்பகுதி. எச்சரிக்கைச் சேவை என்றால், ஒரு விமானம் சத்தமில்லாமல் போய்விட்டால் தேடுதல் மீட்புக் குழுவை எழுப்ப வேண்டியவர் யார் என்பது. அதாவது இது ஒரு கடமையின் எல்லை. அதன் கோட்டை நாட்டு எல்லையைப் பார்த்துப் போடாமல், விமானப் பாதைகளையும் சேவைத் தேவையையும் பார்த்துப் போட வேண்டும் என்று ஒப்பந்தத்தின் 11ஆம் இணைப்பே பரிந்துரைக்கிறது. நம் பக்கமே பாருங்கள். சென்னை எஃப்.ஐ.ஆர். வங்கக் கடலுக்கு மேல் வெகுதூரம் போகிறது. இந்தியாவின் ஆட்சிக்கடலோ கரையிலிருந்து 12 கடல் மைல்தான். அதற்கு அப்பால் இந்தியாவுக்கு இருப்பது வேலை, உடைமை இல்லை.

இந்த இரண்டும் குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஏஜியன் கடலே சாட்சி. ஏதென்ஸ் எஃப்.ஐ.ஆரை முன்வைத்து கிரேக்கமும் துருக்கியும் மோதியதில், 1974 ஆகஸ்டிலிருந்து 1980 பிப்ரவரி வரை அந்தக் கடலுக்கு மேல் வழக்கமான விமானப் பாதைகள் முடங்கிக் கிடந்தன.

சைப்ரஸில் இது இன்னும் கூர்மை. தீவு முழுவதும் நிக்கோசியா எஃப்.ஐ.ஆருக்குள் வருகிறது. அந்தப் பொறுப்பு குடியரசுக்கு. ஆனால் வடக்கிலும் ‘எர்ஜான் அட்வைசரி’ என்று ஒரு கட்டுப்பாட்டு நிலையம் இயங்குகிறது. அங்காரா எஃப்.ஐ.ஆரிலிருந்து தெற்கே வருகிற ஒரு விமானியின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். வழக்கமாக ஒரு கட்டுப்பாட்டு நிலையம் அடுத்த நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்து, ‘இன்ன விமானம், இன்ன உயரத்தில், இன்ன நேரத்தில் உங்களிடம் வருகிறது’ என்று ஒப்படைக்கும். அங்காராவும் நிக்கோசியாவும் அப்படிப் பேசிக்கொள்வதில்லை. துருக்கி அந்தக் குடியரசையே ஏற்கவில்லை. ஆக அங்காரா விமானியை எர்ஜானிடம் பேசச் சொல்கிறது. நிக்கோசியாவோ, எல்லைக்கு முன்பே நேராகத் தன்னை அழைக்கச் சொல்கிறது. விமானிக்கு இரண்டு வானொலி, இரண்டு குரல். ஒன்று சட்டப்படி பொறுப்பானது, மற்றொன்று கீழே உள்ள ஓடுதளத்தைக் கையில் வைத்திருப்பது. உலக விமானிகள் கூட்டமைப்பு இதைப் பாதுகாப்புக் குறையாகச் சுட்டிக்காட்டி வந்திருக்கிறது.

இந்தக் காட்சியைத் தமிழில் ‘வான்வெளி’ என்ற ஒரே சொல்லால் எழுதிப் பார்த்தேன். இரண்டு நாடுகள் வானத்துக்கு அடித்துக்கொள்வதாக வருகிறது. உண்மையில் தகராறு, இருநூறு பேரை இந்த நிமிடம் யார் பார்த்துக்கொள்வது என்பதில். அதனால்தான் இந்தச் சொல்லை இவ்வளவு பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மற்ற பரிந்துரைகளையும் பார்த்தேன். ‘விமானத் தகவல் மண்டலம்’ சொல்லுக்குச் சொல். ஆனால் ‘விமானத் தகவல்’ என்றதும் புறப்பாடு வருகைப் பலகைதான் கண்ணில் வருகிறது. மண்டலத்தை வேறு இடத்துக்கும் வைத்திருக்க வேண்டும். ஓடுதளத்தைச் சுற்றியுள்ள ‘கன்ட்ரோல் ஸோன்’ இருக்கிறது, சைப்ரஸின் வடக்கையும் தெற்கையும் பிரிக்கும் ஐ.நா.வின் இடைமண்டலம் இருக்கிறது. ‘வான்காவல் எல்லை’யில் போர்விமானம் உறுமுகிறது. ‘பறப்புத் தகவல் வட்டாரம்’ எனக்குப் பிடித்தது, ஆனால் வங்கக் கடல் பாதியை வட்டாரம் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

நான் முன்வைப்பது: வான்துணைப் பரப்பு. நம்மிடம் ‘வழித்துணை’ என்று ஒரு சொல் இருக்கிறது. வழித்துணையாக வருபவர் பாதை எப்படி என்று சொல்வார். நமக்கு ஒன்று என்றால் ஊருக்குச் சேதி சொல்வார். அந்தப் பாதை அவர் சொத்தாக இருக்க வேண்டியதில்லை. தகவல், எச்சரிக்கை இரண்டும் ‘துணை’க்குள் அடங்கிவிடுகின்றன. என்ன சொல்கிறீர்கள்?

[மறுமொழி: யாழ்ப்பாணம்]

வணக்கம் தம்பி. ‘வான்துணை’ அருமை. ‘பரப்பு’ சரிவராது. இரண்டு காரணம்.

முதலாவது, நாங்கள் வான்வெளியையே வான்பரப்பு என்றுதான் எழுதுகிறோம். ‘வான்பரப்பு’க்கும் ‘வான்துணைப் பரப்பு’க்கும் நடுவில் ஒரு சொல்தான் வித்தியாசம். அவசரத்தில் செய்தி எழுதுகிறவர் துணையை விட்டுவிடுவார். நீங்கள் பிரிக்க நினைத்த இரண்டும் திரும்பவும் ஒன்றாகிவிடும்.

இரண்டாவது இன்னும் முக்கியம். எங்கள் ஊரில் பரப்பு என்றால் காணி அளவு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். காணி உறுதி (நிலப் பத்திரம்) எழுதுகிற நேரம் ‘எத்தனை பரப்பு’ என்றுதான் கேட்பார்கள். இந்தச் சொல்லில் உடைமை வாசம் வரக்கூடாது என்று இவ்வளவு பாடுபட்டுவிட்டு, கடைசியில் காணி உறுதிச் சொல்லையே கொண்டுவந்து வைக்கலாமா?

‘புலம்’ என்று வைத்துப் பாருங்கள். நான் முப்பது வருடம் பௌதிகம் படிப்பித்தவன். காந்தப்புலம், மின்புலம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, காந்தம் அந்த இடத்துக்குச் சொந்தக்காரன் என்று ஒருவரும் நினைப்பதில்லை. அதன் தாக்கம் எதுவரை செல்லும் என்றுதான் விளங்கிக்கொள்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது அதுதானே. சென்னையிலிருந்து எங்கள் பலாலி விமான நிலையத்துக்கு வருகிற சின்ன விமானம்கூட நடுக்கடலில் சென்னையின் துணையை விட்டுக் கொழும்பின் துணைக்கு வருகிறது. ‘சென்னைப் புலத்திலிருந்து கொழும்புப் புலத்துக்கு’ என்று சொல்லிப் பார்த்தேன், வாய்க்கு இசைவாக இருக்கிறது.

[மறுமொழி: மதுரை]

புலத்துக்கு என் ஓட்டும். ஒரே ஒரு கேள்வி. புணர்ச்சிப்படி வான் + துணை ‘வான்றுணை’ ஆக வேண்டுமே? வான்றோய் மாதிரி. குழுவில் இலக்கணம் பார்க்கிறவள் என்பதால் கேட்டு வைக்கிறேன்.

[மறுமொழி: சென்னை]

ஐயா, நீங்கள் சொன்ன காணிக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. பரப்பை எடுத்துவிட்டேன். காந்தப்புலம் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருப்பதால், புதிதாகப் படிக்கிறவருக்கும் பாதிப் பொருள் தானாகவே வந்துவிடுகிறது. நான் தேடிக்கொண்டிருந்தது இதுதான்.

அக்கா, நீங்கள் சொன்ன விதி சரி. ஆனால் வான்றுணை என்று எழுதினால் என் அம்மா துணையைக் கண்டுபிடிக்க மாட்டார். துணை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சொல்லே. பிரித்து எழுதுவதை ஏற்றுக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

கட்டுரையில் வைத்துப் பார்த்ததை இங்கே தருகிறேன்:

“2023 ஜூலை 20 அன்று, துருக்கிப் படை இறங்கிய நாளின் ஆண்டு நிறைவில், எர்ஜானின் புதிய முனையத்தையும் நீண்ட ஓடுதளத்தையும் துருக்கி அதிபர் எர்டோவான் திறந்து வைத்தார். ஓடுதளம் பெரிதானது, தொடுதரை நிறுத்தம் அப்படியே இருந்தது. எர்ஜானில் இறங்கும் ஒவ்வொரு விமானமும் சைப்ரஸ் குடியரசு தன்னுடையது என்று கோரும் வான்வெளியில், அக்குடியரசு பொறுப்பேற்றுள்ள நிக்கோசியா வான்துணைப் புலத்தின் வழியே, அக்குடியரசு மூடியதாக அறிவித்த நிலையத்தில் இறங்குகிறது.”

கடைசி வாக்கியத்தில் வான்வெளியும் வான்துணைப் புலமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் மோதவில்லை. அம்மாவிடம் மறுபடி காட்டினேன். “அப்ப ரெண்டு பேரும் ஒரே பிளேனுக்குத் துணை வரேன்னு நிக்கிறாங்க, ஆனா ஒருத்தரோட ஒருத்தர் பேச மாட்டாங்க” என்றார்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. ‘எர்ஜான் அட்வைசரி’யை ‘எர்ஜான் ஆலோசனை நிலையம்’ என்று எழுதினால் மருத்துவமனை வாசல் மாதிரி இருக்கிறது. அது கொடுப்பது ஆணை இல்லை, பறப்பு வழி பற்றிய அறிவுரை. ‘வழிகூறு நிலையம்’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பிரதியை அனுப்ப வேண்டும். அதற்குள் இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.