பினாங்கில் நோன்பு மாதம்: துபாய்த் தம்பியின் கேள்விக்குப் பதில்

ஊர்ச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம், சலாம்.

துபாயில் இருக்கும் வடக்குத்தெருத் தம்பி போன வாரம் நம்ம ஊர்ச் சங்கக் குழுவில் கேட்டிருந்தான். பிப்ரவரி கடைசியில் கம்பெனி வேலையாக, நான் இருக்கும் மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு வருகிறானாம். "அண்ணே, அது நோன்பு மாசமாச்சே, பகலில் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கணுமா?" என்று. சிங்கப்பூர்க்காரர்கள் இரண்டு பேரும் இதையே தனியாகக் கேட்டார்கள். அதனால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் வயிற்றுக் கவலையைத் தீர்ப்போம். சாப்பாடு கிடைக்கும். சீனர் காப்பிக்கடைகள் வழக்கம்போலத் திறந்திருக்கும். லிட்டில் இந்தியாவில் நம்மவர்களின் சைவக் கடை, வாழையிலைக் கடை எல்லாம் மதியம் ஓடும். யாரும் திரை கட்டி மறைப்பதில்லை. (உங்கள் துபாயிலேயே 2021-இல் திரை கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டார்களே.) பொது இடத்தில் சாப்பிட்டால் பிடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பாய். அது ஷரியா சட்டம், முஸ்லிம்களுக்கு மட்டும்தான். கோலாலம்பூரில் 1997 சட்டப்படி முதல் தடவைக்கு 1,000 ரிங்கிட் வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ, இரண்டும் சேர்ந்தோ விதிக்கலாம். பகலில் முஸ்லிம்களுக்கு உடனே சாப்பிடுவதற்கென்று உணவு விற்பதும் குற்றம். அதனால் ஒரு சின்ன விஷயம் நடக்கும், முகம் சுளிக்காதே: தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர் இது. நம் முகத்தைப் பார்த்து யாருக்கும் மதம் தெரியாது. கடைக்காரர் தட்டை எடுப்பதற்கு முன்னால் "முஸ்லிமா?" என்று மெதுவாகக் கேட்டாலும் கேட்பார். பேரைச் சொன்னால் சோறு வந்துவிடும்.

மாமாக் (தமிழ் முஸ்லிம்) கடைகளும், குழம்புச் சோறு போடும் நாசி கண்டார் கடைகளும்தான் மாறிப்போகும். பகலில் பல கடைகள் பூட்டு. மூன்று நான்கு மணிக்கு மேல் திறந்து பொட்டலம் கட்டத் தொடங்கினால், ராத்திரி தராவீஹ் (நோன்பு மாத இரவுத் தொழுகை) முடிந்து வரும் கூட்டம், அப்புறம் சஹர் (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) நேரத்துக் கூட்டம் என்று விடியும்வரை போகும். ராத்திரி இரண்டு மணிக்குக் குடும்பம் குடும்பமாகப் பரோட்டா சாப்பிடுவதைப் பார்க்கலாம். இந்த மாதத்தில் பினாங்கு தூங்கி விழிப்பதே ராத்திரியில்தான் என்று எனக்குத் தோன்றும்.

நாள் கணக்கு: இந்த வருஷம் (2026) சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17. நோன்பு 19-ஐ ஒட்டித் தொடங்கும். பிறை பார்த்தபின் நிச்சயமான தேதியை முந்தின நாள் ராத்திரி மலாய் ஆட்சியாளர்களின் அரச முத்திரைக் காப்பாளர் தொலைக்காட்சியில் வந்து அறிவிப்பார். அதுவரை மலாய் வீடுகளில் யாரும் டிவியை அணைப்பதில்லை. பிறை பார்க்கும் இடங்களில் ஒன்று நம்ம தீவிலேயே, பந்தாய் ஆச்சே கடலோரத்து ஷேக் தாஹிர் வானியல் மையம்.

பூமத்தியரேகைக்குப் பக்கம் என்பதால் வருஷம் எப்படிச் சுற்றினாலும் நோன்பு பதின்மூன்று மணி நேரத்தை ஒட்டித்தான். லண்டனில் இருக்கும் நம் சித்தப்பா வீட்டுக்காரர்கள்போலக் கோடையில் பதினெட்டு மணி நேரம் தவிக்க வேண்டியதில்லை. ஆனால் கடிகாரம் தாமதம். விடிகாலை ஆறேகாலுக்கு மேல் தொடங்கி, நோன்பு திறப்பது (முடித்துச் சாப்பிடுவது) ராத்திரி ஏழரைக்கு மேல். காரணம், 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, கிழக்கே இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களோடு சேர்த்துவிட்டார்கள். சூரியனுக்கு அது தெரியாதே. பினாங்கு மேற்கே இருப்பதால் கோலாலம்பூரைவிட இங்கே ஐந்தாறு நிமிஷம் பிந்தி. டிவியில் தலைநகரத்துப் பாங்கை (தொழுகை அழைப்பை) கேட்டதும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டால் அன்றைய நோன்பு போச்சு. வீட்டில் பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஐந்து நிமிஷத்தைக் கடத்துவார்கள்.

இனி எனக்குத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிற்சாலை பாயான் லெப்பாஸில், 1972-இல் தொடங்கிய தொழிற்பேட்டைக்குள். ஏழுக்கு ஏழு, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். நோன்பு திறக்கும் நேரத்தை இதோடு வைத்துப் பார். பகல் ஷிப்ட்காரர் அப்போது கம்பெனிப் பேருந்தில், பினாங்குப் பாலத்து நெரிசலில் மாட்டியிருப்பார். ஓட்டுநரே ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தைப் பின்னால் கடத்துவார். இரவு ஷிப்ட்காரர் கதை வேறு. அப்போதுதான் தலைமூடி, முகமூடி, முழு அங்கி, பூட்ஸ், இரட்டைக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு சிப் செய்யும் அறைக்குள் நுழைந்திருப்பார். அந்த அறைக்குள் ஒரு மிடறு தண்ணீர்கூடக் கொண்டுபோக முடியாது. குடிக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் கழற்றி வெளியே வந்து, குடித்து, தொழுது, மறுபடி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். அதற்கே முக்கால் மணி நேரம் ஓடிவிடும். மெஷினோ நிற்காது.

அதனால் எங்கள் பிரிவில் ஏழேகாலுக்கே முஸ்லிம்கள் வெளியே போய்விடுவார்கள். சீனர், தமிழர், நேப்பாளத்துப் பையன்கள் அவர்கள் மெஷினையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வோம். பாழாய்ப்போன அலாரம் எல்லாம் சொல்லிவைத்தாற்போல அந்த முக்கால் மணி நேரத்தில்தான் அடிக்கும். ஓடி ஓடி அணைப்போம். இது மேனேஜர் எழுதிப்போட்ட ஏற்பாடு கிடையாது. தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் அவர்கள் நமக்காக நிற்பார்கள், கணக்கு நேராகிவிடும். எட்டு மணிக்கு மேல் நான் கேண்டீனுக்குப் போனால் எனக்கென்று ஒரு பங்கு மூடிவைத்திருக்கும். வங்காளதேசத்துத் தம்பிகள் பொரி, கொண்டைக்கடலை, பருப்பு வடை, பச்சை மிளகாய் எல்லாவற்றையும் ஒரே தாம்பாளத்தில் கொட்டி, கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்து வைத்திருப்பார்கள். நம்ம ஊர் மசாலாப் பொரிக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. மாதம் முழுக்கக் குடும்பத்தைப் பிரிந்து இருக்கும் பிள்ளைகள். அந்தத் தாம்பாளத்தைச் சுற்றித்தான் அவர்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

பகலில் பக்கத்து மேசை மலாய் நண்பர் முன்னால் தேநீர் குடிக்கலாமா என்று கேட்பாய். குடி. ஒளித்து ஒளித்துக் குடிப்பதுதான் அவர்களுக்குச் சங்கடம் என்பது என் அபிப்பிராயம். மைக்ரோவேவில் கருவாட்டுக் குழம்பைச் சூடாக்கி மாடி முழுக்க மணக்கவைக்காமல் இருந்தால் போதும். மூன்று மணிக்கு மேல் நீண்ட கூட்டம் வைக்காதே, ஆள் இருப்பார், கவனம் இருக்காது. ஆறு மணிக்கு வண்டியை எடுக்காதே. ஊரே வீட்டுக்கு ஓடும் நேரம் அது.

இப்போது கஞ்சி. ஜோர்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. 1801-இல் இந்திய முஸ்லிம்கள் எழுப்பியது. அதே தெருவில் குவான் யின் கோயில், கொஞ்சம் தள்ளிக் குயின் தெருவில் 1833-இலிருந்து இருக்கும் மாரியம்மன் கோயில். மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் காலையிலிருந்தே அண்டா அண்டாவாகக் கஞ்சி கொதிக்கும். படகுத் துடுப்பு அளவுக்கு மரக்கரண்டி. கிண்டுகிறவர் பனியன் முதுகோடு ஒட்டிப்போயிருக்கும். அவரும் நோன்பாளி, ருசி பார்க்க முடியாது. உப்பு சரியா என்பதை வாசனையிலும் கைப்பழக்கத்திலும்தான் முடிவு செய்கிறார். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் வரிசை. தூக்குச்சட்டி, பிளாஸ்டிக் டப்பா, பை என்று எல்லாம் நீளும். சீனக் கிழவிகளும் நிற்பார்கள், முதுகில் பை சுமந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளும் நிற்பார்கள். யாரையும் யார் என்று கேட்பதில்லை. "எத்தனை பேருக்கு?" மட்டும்தான் கேள்வி, அதுவும் நமக்குத் தமிழிலேயே. கீழக்கரைப் பேச்சும் கடையநல்லூர்ப் பேச்சும் காதில் விழும்.

நம்மூர்ப் பள்ளிவாசல் கஞ்சி நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால். இங்கேயும் அடிப்படை அதுதான். ரம்பை இலை மணம் கூடுதல், பட்டையும் அன்னாசிப்பூவும் தூக்கல். சில நாள் மாட்டிறைச்சி போடுவார்கள், சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நம்ம தமிழ்நாட்டில் 2001-இலிருந்து அரசு பள்ளிவாசல்களுக்குக் கஞ்சிக்கென்று அரிசி தருகிறது. இங்கே ஒருநாள் செலவை ஒரு குடும்பமோ ஒரு கடைக்காரரோ ஏற்றுக்கொள்வதைப் பார்க்கிறேன். கோலாலம்பூரில் இறங்குகிறவர்கள் கம்போங் பாரு பள்ளிவாசலின் பூபுர் லம்புக் கஞ்சியை வரிசையில் நின்று வாங்குங்கள். அதுவும் பேர்பெற்றது. என் ஓட்டு பினாங்குக்குத்தான், சொந்த நாக்கு அப்படி.

நோன்புச் சந்தைக்கு ஐந்து மணிக்குள் போய்விடு. பாயான் பாருவில் பெரிய சந்தை. சுட்ட கோழி, கரும்புச்சாறு, மலாய்ப் பலகாரம், கல்லில் புரட்டும் முர்தாபா (கறி அடைத்த பரோட்டா). முர்தாபாவுக்கு மட்டும் நான் சந்தையை நம்புவதில்லை. கேம்பல் தெருவில் 1907-இலிருந்து நடக்கும் ஹமீதியா கடை வரிசையில் நின்றுவிடுவேன். ஏழு மணிக்கு மேல் சந்தையில் மிச்சத்தை விலை குறைத்துத் தள்ளுவார்கள், அது சிக்கனக்காரர்களுக்கான தகவல். ஹோட்டல்களில் தலைக்கு நூறு ரிங்கிட்டுக்கு மேல் வாங்கிக்கொண்டு நோன்பு திறப்பு விருந்து என்று வரிசையாகப் பரப்பி வைப்பதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கம்பெனி செலவில் போய்ப் பார்த்திருக்கிறேன். பாதித் தட்டு அப்படியே குப்பைக்குப் போகிறது. என் மலாய் சூப்பர்வைசரே அதற்கு வருவதில்லை. மனைவி கையால் ஒரு குவளை சிராப் (ரோஜாச் சர்பத்) போதும் என்பார்.

பெருநாள் மார்ச் 21-ஐ ஒட்டி வரும். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் பேருந்து டிக்கெட் தேடாதே, வடக்கு தெற்கு நெடுஞ்சாலை நகராது. நாசி கண்டார் கடைக்காரர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். அதுவரை இருந்தால் என்னோடு வா. பெருநாளோடு தொடங்கும் ஷவ்வால் மாதம் முழுக்கத் திறந்த இல்ல உபசரிப்பு (யாரும் வந்து சாப்பிடலாம்) நடக்கும், வார இறுதியில் மூன்று வீடாவது ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதாந்திர இணையக் கூட்டத்தைச் சனிக்கிழமை இந்திய நேரம் மாலை ஆறரைக்கு வைத்திருக்கிறீர்கள். நோன்பு மாதத்தில் அது ஊரில் கஞ்சி ஊற்றும் நேரம். எட்டு மணிக்குத் தள்ளினால் துபாயில் நோன்பு திறக்கும் நேரம், இங்கே ராத்திரி பத்தரை, தராவீஹ் முடிந்து வந்தவர்கள் சோர்ந்து கிடப்பார்கள். ஞாயிறு காலை இந்திய நேரம் எட்டரைக்கு வையுங்கள். இங்கே பதினொன்று, துபாயில் ஏழு. துபாய்க்காரர்கள் தூக்கக் கலக்கத்தில் வந்தாலும் பரவாயில்லை, கேமராவை அணைத்துக்கொள்ளட்டும். செயலாளர் மாமா சரி என்றால் நான் இணைப்பை மாற்றி அனுப்புகிறேன்.

அன்புடன்,
மேலத்தெருக்காரன், பாயான் லெப்பாஸ்