விண்டோஸ் 11-க்கு மாற்றியதும் ரிமோட் உள்ளே விடவில்லை: அனுமதியில் கோளாறா, குளோனில் கோளாறா?

கணக்குமேசை:
எங்கள் ஆபீசில் 14 சிஸ்டம், அதில் மூன்று லேப்டாப். எல்லா யூசரையும் ஒரே சர்வர் பார்த்துக்கொள்ளும் டொமைன் கிடையாது, ஒவ்வொரு சிஸ்டமும் தனித்தனியாக இருக்கும் வெறும் ஒர்க்குரூப். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால், எதையும் அழிக்காமல் இருந்ததன் மேலேயே விண்டோஸ் 11-இன் 25எச்2 பதிப்பைப் போட்டோம். ஃபைல்கள், புரோகிராம்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் அன்றிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. பாஸ்வேர்ட் அடித்தால் திரும்பவும் பாஸ்வேர்ட் கேட்கிறது, இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு யூசர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு என்று காட்டுகிறது. அதே பாஸ்வேர்டை அந்த சிஸ்டத்தின் முன்னால் உட்கார்ந்து அடித்தால் உடனே திறக்கிறது. கால் முறிந்து வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒரு அக்கா இருக்கிறார். 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி தாக்கல் செய்தாக வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

வேகவழி:
இது அனுமதிப் பிரச்சினைதான், எங்கள் இடத்திலும் வந்தது. எல்லா யூசரையும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப்பில் சேருங்கள், ரிமோட் செட்டிங்கில் என்எல்ஏ (நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன்) டிக்கை எடுத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. தாக்கல் முடிந்த பிறகு நிதானமாகக் காரணம் தேடலாம்.

பூட்டுசாவி:
தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். உள்ளே வர உரிமை இல்லாதவருக்கு விண்டோஸ் அதை நேரடியாகவே சொல்லும்: இந்தக் கணக்குக்கு ரிமோட்டில் நுழைய அனுமதி இல்லை என்று தனிச் செய்தி வரும். இவருக்கு வருவது பாஸ்வேர்ட் தவறு என்ற செய்தி. அதாவது ஆள் யார் என்று சரிபார்க்கும் இடத்திலேயே நிற்கிறது, அனுமதியைப் பார்க்கும் இடம் வரைக்கும் போகவே இல்லை.

உண்மையிலேயே அனுமதிதான் காரணம் என்றாலும் ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் குரூப்பில் சேர்த்தாலே போதும், அதற்காகக் கணக்கெழுதுகிறவருக்கு அட்மின் உரிமை கொடுக்க வேண்டியதில்லை. என்எல்ஏ என்பது பாஸ்வேர்ட் சரியாக இருந்தால்தான் திரையையே திறந்து காட்டும் காவல். 2019-இல் புளூகீப் என்ற ரிமோட் டெஸ்க்டாப் ஓட்டை வெளியானபோது பழைய விண்டோஸ்களில் பாஸ்வேர்டே இல்லாமல் தாக்க முடியும் என்ற நிலை இருந்தது, பேட்ச் போடும்வரை என்எல்ஏவை ஆன் செய்து வைக்கச் சொன்னதும் இதனால்தான்.

கணக்குமேசை, மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். அந்த அக்கா அடிப்பது பின் நம்பரா, பாஸ்வேர்டா? விண்டோஸ் 11-க்கு மாறியதும் பலர் பின்னுக்குப் பழகிவிடுகிறார்கள், ரிமோட்டில் அது செல்லாது. ஆபீஸ் சிஸ்டங்களுக்குள் ஷேர் ஃபோல்டர் திறக்கிறதா? ஆபீசைச் சேராத வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து அதே கணக்கில் நுழைய முடிகிறதா?

கணக்குமேசை:
பாஸ்வேர்ட்தான், நானே ஃபோனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி அடிக்க வைத்தேன். ஷேர் ஃபோல்டரும் திறக்கவில்லை, பிரிண்டர் ஷேரிங் போலவே இதுவும் நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து விட்டுவிட்டோம். மூன்றாவது கேள்விதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் சொந்த லேப்டாப்பில் அதே விபிஎன், அதே யூசர், அதே பாஸ்வேர்ட் போட்டுப் பார்த்தேன், ஒரே தடவையில் திறந்துவிட்டது!

பூட்டுசாவி:
அப்படியென்றால் கோளாறு அந்தக் கணக்கில் இல்லை. அனுமதி இல்லாத கணக்கு எங்கிருந்து வந்தாலும் வெளியேதான் நிற்கும். இங்கே ஆபீஸ் சிஸ்டம் இன்னொரு ஆபீஸ் சிஸ்டத்தைக் கூப்பிடும்போது மட்டும் தகராறு. இந்த 14-ம் ஒரே இமேஜிலிருந்து குளோன் அடித்தவையா?

கணக்குமேசை:
ஆமாம். வாங்கியபோது சர்வீஸ் ஆள் ஒரு சிஸ்டத்தில் எல்லாம் போட்டு, மீதி 13-க்கும் அதையே குளோன் அடித்துக் கொடுத்தார். நான்கு வருடமாக ஒரு குறையும் இல்லை.

பழையகை:
எஸ்ஐடி பக்கம் போகிறீர்கள் என்று தெரிகிறது, அதாவது விண்டோஸ் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் கொடுக்கும் அடையாள எண்; குளோன் அடித்தால் அதுவும் அப்படியே நகலாகும். இருபது வருடமாகக் குளோன் அடிக்கிறவன் நான். ஒரே எஸ்ஐடி இருந்தால் ஆபத்து என்பது கட்டுக்கதை என்று மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் நிபுணர் மார்க் ருசினோவிச் 2009-லேயே விளக்கி எழுதி, எஸ்ஐடியை மாற்றித் தரும் தன் நியூஎஸ்ஐடி கருவியையும் ஓய்வுகொடுத்துவிட்டார். சும்மா மக்களைப் பயமுறுத்தி 14 சிஸ்டத்தையும் ஃபார்மட் போட வைக்காதீர்கள்.

பூட்டுசாவி:
அண்ணா, 2009-இல் அவர் சொன்னது அன்றைய விண்டோசுக்குச் சரி. குளோன் அடிக்கும் முன், எஸ்ஐடி மாதிரித் தனி அடையாளங்களை நீக்கும் சிஸ்பிரெப் கருவியைப் போட்டாக வேண்டும் என்ற விதியை மைக்ரோசாஃப்ட் அப்போதும் தளர்த்தவில்லை. இப்போது நிலைமையே வேறு. 2025 ஆகஸ்ட் 29 முதல் வந்த அப்டேட்கள் உள்ள விண்டோஸ் 11 24எச்2, 25எச்2 இரண்டும் எஸ்ஐடியைச் சோதிக்கின்றன. ஒரே எஸ்ஐடி உள்ள இரண்டு மெஷின்களுக்கு இடையில் கெர்பரோஸ், என்டிஎல்எம் இரண்டு சரிபார்ப்புமே தோற்றுப்போகும், எனவே ரிமோட்டும் ஷேர் ஃபோல்டரும் சேர்ந்தே நிற்கும். மேலேயே போட்டு ஏற்றினால் பழைய எஸ்ஐடி அப்படியே கூட வரும். நான்கு வருடம் ஓடியது இப்போது நின்றதற்குக் காரணம் அதுதான்.

ஊகம் வேண்டாம், பார்த்துவிடலாம். கணக்குமேசை, ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாகைத் திறந்து 6167 என்ற எண்ணைத் தேடுங்கள். அப்புறம் இரண்டு சிஸ்டத்தில் கமாண்ட் பிராம்ப்டில் ஹூஅம்ஐ /யூசர் (whoami /user) அடித்து, வரும் நீள எண்ணில் கடைசித் துண்டை விட்டுவிட்டு மீதியை ஒப்பிடுங்கள்.

கணக்குமேசை:
இருக்கிறது. விண்டோசின் சரிபார்ப்புப் பகுதியான எல்எஸ்ஏசர்வ் பெயரில் 6167, மெஷின் ஐடி பகுதியளவு பொருந்தவில்லை என்கிறது, காலையிலிருந்து மட்டும் 40 வரி. எஸ்-1-5-21-க்குப் பிறகு வரும் மூன்று எண்களும் ஐந்து சிஸ்டத்தில் பார்த்துவிட்டேன், ஒரு இலக்கம்கூட வித்தியாசம் இல்லை.

வேகவழி:
சரி, என் யோசனை இங்கே உதவாது. எங்கள் இடத்தில் குரூப்பிலிருந்து பெயர் விட்டுப்போயிருந்தது, அதனால் அங்கே சரியானது. ஆனால் இவருக்கு நேரம் இல்லை, அந்த அப்டேட்டை எடுத்துவிட்டால் என்ன?

பழையகை:
அல்லது ஓடுகிற சிஸ்டத்திலேயே சிஸ்பிரெப் போட்டுவிடலாமே? வெண்டர் அன்றைக்குச் செய்யாததை இன்றைக்குச் செய்துவிட்டுப் போகட்டும். மைக்ரோசாஃப்ட் சோதனை வைத்தது சரியென்றே இருக்கட்டும், சின்ன ஆபீஸ்கள் இதற்காக முழுதாக மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டும் என்பதை என்னால் இப்போதும் ஏற்க முடியவில்லை.

பூட்டுசாவி:
அப்டேட்டை எடுத்தால் அதோடு வந்த பாதுகாப்புத் திருத்தங்களும் போய்விடும், அடுத்த மாதம் அதே சோதனை திரும்ப வரும். பயன்பாட்டில் இருக்கும் சிஸ்டத்தில் சிஸ்பிரெப் போடக் கூடாது என்பது மைக்ரோசாஃப்ட்டின் எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை, கணக்கு டேட்டா இருக்கும் இடத்தில் அந்த விஷப்பரீட்சையே வேண்டாம். மைக்ரோசாஃப்ட்டின் வணிக ஆதரவுப் பிரிவைக் கேட்டால் இதைச் சமாளிக்க ஒரு குரூப் பாலிசி (விண்டோஸ் அமைப்பு) தருகிறார்கள், அதுவும் தற்காலிகம்தான்.

ஆனால் அண்ணா, 14-ஐயும் இன்றே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மோதுவது இரண்டு பக்கமும் ஒரே எஸ்ஐடி இருக்கும்போதுதான். வீட்டில் இருக்கும் லேப்டாப் ஒன்றை மட்டும் பேக்கப் எடுத்து, புதிதாக விண்டோஸ் போட்டால் அதற்குத் தனி எஸ்ஐடி வந்துவிடும். ஆபீஸ் சிஸ்டத்தைத் தொடவே வேண்டாம்.

கணக்குமேசை:
லேப்டாப்பை வீட்டிலிருந்து எடுத்து வந்து மதியம் ஃபார்மட் போட்டோம். சாயங்காலம் ஆறரைக்கு அக்கா ஃபோன் பண்ணினார், நுழைந்துவிட்டாராம், போன வாரம் பாதியில் விட்ட லெட்ஜர் அப்படியே திறந்திருக்கிறதாம். மீதி இரண்டு லேப்டாப் நாளைக்கு. ஷேர் ஃபோல்டருக்காக ஆபீஸ் சிஸ்டங்களை வாரத்துக்கு இரண்டாக, தாக்கல் முடிந்த பிறகு தொடங்குகிறோம். இந்தத் தடவை குளோன் அடித்தால் இமேஜ் எடுக்கும் முன்பே சிஸ்பிரெப் போடச் சொல்லி சர்வீஸ் ஆளிடம் எழுதியே கொடுத்துவிட்டேன்.