மதுரையில் காலநிலைக்காக வேலை செய்யும் குழுவில் சேர வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். ஒத்தக்கடைப் பக்கம் குடியிருக்கிறேன். காலநிலை மாற்றத்துக்காக நம் ஊரில் தொடர்ந்து வேலை செய்யும் குழுவில் சேர ஆசை. மரக்கன்று நடுவது நல்ல வேலைதான். ஆனால் நான் தேடுவது ஆவணம் திரட்டி, மனு எழுதி, அதிகாரிகளிடம் விடாமல் பேசும் குழு.

இந்த எண்ணத்தைத் தந்தது அரிட்டாபட்டி. 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம். அந்த வட்டாரத்திலேயே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். கிராம சபைத் தீர்மானம், நடைபயணம் என்று மேலூர்ப் பக்கத்து மக்கள் விடவே இல்லை. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

எங்கள் கண்மாயைப் பாருங்கள். வரத்துக் கால்வாயில் கட்டட இடிபாடும் பாலிதீன் மூட்டையும் அடைத்துக் கிடக்கின்றன. உள்ளே ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேலம். மழைத் தண்ணீர் கண்மாய்க்குப் போகாமல் தெருவுக்கு வருகிறது. 2024 அக்டோபரில் செல்லூரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, மறக்க முடியுமா? மழை இப்படிக் கொட்டித் தீர்க்கும் காலத்தில் கண்மாய்தான் நமக்குக் காப்பு.

திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் தனியாளாக மனு கொடுப்பதைவிடக் குழுவாகப் போனால் பலன் உண்டா? கண்மாயின் எல்லையைக் காட்டும் புலப்படத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் யாரிடம் கேட்பது? அப்புறம், ஆட்சியர் தலைமையில் மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறதே, அதில் பொதுமக்கள் பேச வழி உண்டா?

கணக்கு எழுதுவது என் தொழில். தமிழில் மனு எழுதுவேன், வரவு செலவு பார்ப்பேன். ஞாயிறு முழுக்க வர முடியும். அனுபவம் உள்ளவர்கள் கருத்தில் எழுதுங்கள்.