பிரிட்டிஷ் பாஸ்போட் இருந்தும் அம்மாவுக்கு மெடிகேர் தரமாட்டினமாம் (மெல்பன்) – அவசரம்

வடலி: அம்மா வந்து ரெண்டு கிழமை. கால் வீங்கியிருக்கு. பிரிட்டனோட ஆஸ்திரேலியாவுக்கு மருத்துவ ஒப்பந்தம் இருக்கு எண்டுதான் இன்சூரன்ஸ் எடுக்கேல்லை. மெடிகேர் (இங்கத்தைய அரசு மருத்துவக் காப்புறுதி) விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்கள். எங்க அப்பீல் பண்ணுறது?

மருந்துச்சீட்டு: முதலில் கால். ஒரு காலா, இரண்டுமா? நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். இன்றே அரசு மருத்துவமனை எமர்ஜென்சிக்குப் போங்கள். மூச்சு வாங்கினால் 000 (அவசர எண்) அழையுங்கள். மெடிகேர் கார்டு இல்லை என்று திருப்பி அனுப்ப மாட்டார்கள், பில் பிறகுதான் வரும். என்னென்ன மாத்திரை எடுக்கிறார்?

தென்றல்72: நீங்க அனுப்பின பாஸ்போர்ட் ஸ்கேன் தெளிவா இருந்திருக்காது. பாஸ்போர்ட்டோட நேரா ஆபீஸ் கவுன்டருக்குப் போங்க, குடுத்துடுவாங்க.

ஓடக்கரை: 651 இவிசிட்டர் விசாவில வந்திருந்தா அதுதான் சிக்கல். மூணு மாச விசாவுக்கு யார் கார்டு குடுப்பா?

பழையகணக்கு: ஆளுக்கொரு ஊகம். 651-க்கும் கார்டு உண்டு, மஞ்சள் நிறத்தில் வரும், விசா முடியும் நாள் வரை செல்லும். இந்த ஒப்பந்தம் வசிப்பிடத்தைப் பார்க்கிறது, பாஸ்போர்ட்டின் நிறத்தை அல்ல. இந்தியப் பாஸ்போர்ட்டுடன் பிரிட்டனில் நிரந்தரமாக வசிப்பவருக்குக் கிடைக்கும், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுடன் வேறு நாட்டில் வசிப்பவருக்குக் கிடைக்காது. பிரிட்டனிலிருந்து இங்கே வந்தவரை இந்த அரசு பார்க்கும், இங்கிருந்து அங்கே போனவரை அந்த அரசு பார்க்கும்; இரு அரசுகளும் ஒன்றுக்கொன்று பில் அனுப்புவதில்லை. அதனால்தான் வசிப்பிடத்தில் இத்தனை கெடுபிடி. அம்மா எங்கே வசிக்கிறார் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம், தம்பி.

வடலி: ரெண்டு காலும்தான். நோவு இல்லை. அம்மா 2019இல இருந்து யாழ்ப்பாணத்தில. படிவத்திலயும் அந்த விலாசம்தான். ஆனா லண்டன் பென்ஷன் வருது.

தென்றல்72: பென்ஷன் வருதுன்னா அந்த நாட்டு ஆளுதானே!

பழையகணக்கு: பென்ஷன் கட்டின சந்தாவுக்கு வருவது. என்ஹெச்எஸ் (பிரிட்டனின் அரசு மருத்துவ சேவை) அங்கே வசிப்பவருக்கு. இரண்டையும் குழப்ப வேண்டாம். ஊரோடு போய்விட்டவர் லண்டனுக்கு விடுமுறையில் போனாலும் மருத்துவமனையில் படுத்தால் கட்டணம் உண்டு.

ஓடக்கரை: அந்தப் பென்ஷனும் இலங்கைக்குப் போயிட்டா ஏறாது, குடிபோன வருஷம் இருந்த தொகையிலேயே நிக்கும். ஆஸ்திரேலியாவுக்கு வந்தாலும் அதே கதை. முப்பது வருஷம் கட்டினவங்களுக்கு இது அநியாயம் இல்லையா?

பழையகணக்கு: அதற்குத் தனி இழை திறங்கள்.

தென்றல்72: லண்டன்ல சொந்தக்காரங்க யாராவது இருந்தா அவங்க விலாசத்தைப் போட்டு மறுபடி அனுப்பலாமே?

மருந்துச்சீட்டு: வேண்டவே வேண்டாம். பொய் வாக்குமூலம் ஆகிவிடும். முதல் படிவமும் அவர்களிடம் இருக்கிறது. அப்பீலை விடுங்கள், இப்போது செலவைக் குறைப்பதுதான் வழி. தனியார் ஜிபியிடம் (பொது மருத்துவர்) முழுக் கட்டணம் எவ்வளவு என்று போனிலேயே கேளுங்கள், கிளினிக்குக்குக் கிளினிக் வித்தியாசம் இருக்கும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எழுதினாலும் செய்வதற்கு முன் விலை கேளுங்கள். பழைய ஜெனரிக் (பிராண்ட் பெயர் இல்லாத) மாத்திரைகள் மானியம் இல்லாமலே மலிவு, அதற்குப் பயம் வேண்டாம். வருகையாளர் இன்சூரன்ஸை இங்கே இருந்தே எடுக்கலாம். ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு வழக்கமாக 12 மாதக் காத்திருப்பு, இந்தக் காலுக்கு உதவாது. நாளை விழுந்து எலும்பு முறிந்தால் உதவும். அரசு மருத்துவமனையில் ஒரு நாள் படுத்தாலே பில் ஆயிரங்களில் வரும். பிரஷர் மாத்திரை அம்லோடிபினா?

வடலி: ஓம். வர முதல் 5 மில்லிகிராமில இருந்து 10 ஆக்கினவை.

மருந்துச்சீட்டு: இரண்டு கணுக்காலும் வீங்குவதற்கு அது பெயர்போன காரணம். நீங்களாக நிறுத்த வேண்டாம், ஜிபியிடம் அந்த 10-ஐச் சொல்லிக் காட்டுங்கள். இதயம், சிறுநீரகமும் பார்க்கச் சொல்லுங்கள்.

கரிசல்காடு: இடையில ஒரு கேள்வி. மாமா அயர்லாந்துல இருந்து வர்றார், அங்கதான் வசிக்கிறார். அதே படிவமா?

பழையகணக்கு: படிவமே இல்லை. அயர்லாந்து, நியூசிலாந்துக்காரர்கள் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். ஆனால் அரசு மருத்துவமனையும் மானிய மருந்தும் மட்டும்தான், ஜிபி கட்டணம் கைக்காசு. ஆம்புலன்ஸ் எந்த நாட்டு ஒப்பந்தத்திலும் கிடையாது. இத்தாலி, மால்டாவிலிருந்து வருபவர்களுக்கு ஆறு மாதம்தான். இந்தியா, இலங்கை பட்டியலிலேயே இல்லை.

வடலி: ஜிபி பிரஷர் குளுசையை மாத்தினவ. ரத்தம் எடுத்திருக்கு. இன்சூரன்ஸும் போட்டாச்சு. நன்றி.