கயிற்றின் நிறத்தை கேமுக்குள் கொண்டுவரலாமா?

அம்பை டீச்சர் கேட்டது:

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 6 பேர் சேர்ந்து, பிள்ளைகளே கேம் செய்ய உதவும் ஸ்கிராட்ச் மென்பொருளில் ஒரு கேம் செய்திருக்கிறார்கள். பெயர் 'எல்லாரும் ஒரே பெஞ்ச்'. காலையில் பஸ் ஏறுவதில் தொடங்கி மதியச் சாப்பாடு வரைக்கும் ஒரு பள்ளி நாள். ஒதுக்கப்படுகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் 10 மார்க், பக்கத்தில் உட்கார இடம் விட்டால் 20. நூறைத் தொட்டால் கைதட்டல்.

போன வாரம் வகுப்பில் ஆடினோம். எல்லாரும் நூறு எடுத்தார்கள். ஒரு பையன் மட்டும் மவுஸைத் தொடவே இல்லை. ஏன் என்றேன். "இதுல நான் யாரு டீச்சர்? தண்ணி வாங்குறவனா?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அவன் கேட்ட பிறகுதான் கவனித்தேன், அந்தப் பிள்ளைக்கு நாங்கள் ஒரு பெயர்கூட வைக்கவில்லை. திரையின் ஓரத்தில் அசையாமல் நிற்கும், யாராவது உதவினால் 'நன்றி' சொல்லும். அவ்வளவுதான்.

மற்ற பிள்ளைகள் இப்போது கையில் கட்டும் சாதிக் கயிற்றையும் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். நம் பக்கத்தில் அந்த நிறங்களுக்கு என்ன பொருள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் பள்ளியில் கூடாது என்று பரிந்துரைத்தது. பள்ளிக்குள் வேண்டாம் என்று சொல்லும் நிறத்தை கேமுக்குள் நானே கொண்டுவரலாமா? வைத்தால் எந்த நிறம் யார் என்று உடனே பேச்சு கிளம்பும். விட்டுவிட்டால் பிள்ளைகள் தினமும் பார்க்கிறதை மறைத்த மாதிரி ஆகும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வீரவநல்லூர்க்காரன்:

டீச்சர், கேம் செய்வதுதான் என் வேலை. நிறத்தை விடுங்கள், அதற்குப் பின்னால் இருக்கிற விதியைப் பிடியுங்கள். 2014இல் வை ஹார்ட், நிக்கி கேஸ் இரண்டு பேரும் 'பேரபிள் ஆஃப் த பாலிகன்ஸ்' என்று ஒன்று செய்தார்கள். பிரவுசரிலேயே ஆடலாம். சதுரங்களும் முக்கோணங்களும் ஓர் ஊரில் இருக்கும். சுற்றி இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்காவது தன்னைப் போல இருந்தால் போதும், இல்லையென்றால் இடம் மாறும். கேட்பதற்குச் சின்ன ஆசைதான். நகர்த்திப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் ஊரே இரண்டாகப் பிரிந்துவிடும். பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங் 1971இல் எழுதிய கணக்கு அது. 'என்னைப் போல் இல்லாதவர்களும் பக்கத்தில் கொஞ்சம் வேண்டும்' என்று விதியை மாற்றினால் மறுபடியும் கலக்க ஆரம்பிக்கும். அப்புறம், முதல் வேலையாக அந்த மார்க்கை எடுத்துவிடுங்கள். இடம் விடுவதற்கு மார்க் கொடுத்தால் பிள்ளைகள் மார்க்கைத்தான் பார்ப்பார்கள்.

பாளை அண்ணாச்சி:

எனக்குக் கண் தெரியாது. பாளையங்கோட்டையில் படித்தவன். ஸ்கிராட்சில் ஓடுவது படம், திரையில் உள்ள எழுத்தை எனக்கு வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் அதைப் படிக்காது. 'எல்லாரும் ஒரே பெஞ்ச்' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், அந்த பெஞ்சில் நான் எப்படி உட்கார? ட்வைன் என்று ஒன்று இருக்கிறது, இலவசம். எழுத்தாலேயே கதை கேம் செய்யலாம். பிரவுசரில் திறக்கிற ஒரே எச்டிஎம்எல் கோப்பாக வரும். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரைப் போட்டால் தமிழில் வாசித்துவிடும். பஸ் சத்தம், மணிச் சத்தம் சேர்த்தால் என் போன்றவர்களுக்கு இடமே கண்முன் வந்த மாதிரி இருக்கும்.

அம்பை டீச்சர்:

அண்ணாச்சி, நீங்கள் கேட்டதைப் பிள்ளைகளிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். ட்வைனுக்கு மாறிவிட்டோம். மார்க்கும் இல்லை, நிறமும் இல்லை.

முதல் காட்சியை எழுத அன்றைக்கு ஆடாமல் இருந்த பையனையே கேட்டேன். பஸ் வந்து நிற்கிறது. அவன் மூன்று வழி வைத்தான்: ஏறுகிறேன், அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறேன், நடக்கிறேன். பக்கத்தில் இருந்தவன், "ஏம்ல அடுத்த பஸ்ஸுக்கு நிக்கணும்?" என்றான். "இதுல யாரெல்லாம் வாராங்கன்னு முதல்ல பாக்கணும்லா" என்றான் இவன். இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பள்ளி. கேட்டவனுக்கு அது இதுவரை தெரியாது. அதன்பிறகு அவன் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, இவன் சொல்லச் சொல்ல டைப் அடித்தான்.

இவனுடைய கதாநாயகனுக்குப் பெயர் இருக்கிறது. சாயங்காலம் ஆற்றில் மற்றவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறான். அந்தக் காட்சியைத்தான் அதிக நேரம் எழுதினான்.

வீரவநல்லூர் சார், சதுரம் முக்கோணத்தையும் காட்டினேன். "அதுல பிடிக்கலன்னா இடம் மாறிரலாம், எங்க தெருவுல அப்படி முடியாதே" என்றாள் ஒரு பிள்ளை. நகரவே முடியாத முக்கோணங்களை வைத்து அவளே தாளில் ஒரு கட்டம் வரைகிறாள். அதை எப்படி கேமாக மாற்றுவது என்று நீங்கள்தான் உதவ வேண்டும்.

சனிக்கிழமை பாபநாசம் பஸ்ஸில் ஏறிச் சத்தம் பதிவு செய்யப் போகிறோம். அண்ணாச்சி, முடிந்ததும் கோப்பை உங்களுக்குத்தான் முதலில் அனுப்புவேன். ஆடிப் பார்த்து எங்கே தட்டுகிறது என்று சொல்லுங்கள்.