மறு: கட்டுமானத் தளத்து மரங்களின் வேர்ப்பகுதிக்கு என்ன சொல்?

> 'மரப் பாதுகாப்பு மண்டலம்' என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

கட்டட வேலை தொடங்கும் முன் மரத்தைச் சுற்றி வேருக்காக ஒதுக்கும் இடத்துக்கு (ஆங்கிலத்தில் root protection area) தமிழ்ச்சொல் தேடுகிறோம். நீங்கள் சொல்வது புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். மரப் பாதுகாப்பு என்றதும் அடிமரத்தில் சாக்கைச் சுற்றி, நாலு சவுக்குக் கம்பை ஊன்றிவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் அந்தக் கம்பை ஒட்டியே ஒரு லோடு எம்-சாண்ட் இறங்கும். கலவை மெஷின் கழுவிய சுண்ணாம்புத் தண்ணீரும் அங்கேதான் போகும். ஜேசிபி பட்டையை உரசினால் உடனே கண்ணில் படுகிறது. வேர் அறுந்தாலோ, லாரி ஏறி ஏறி மண் இறுகி வேருக்குக் காற்றுப் போகாமல் நின்றாலோ, மரம் சில வருடம் பச்சையாகவே நிற்கும். அது காய்வதற்குள் கான்ட்ராக்டர் பில் வாங்கிப் போயிருப்பார்.

ஆகவே சொல்லில் 'வேர்' வந்தே தீரவேண்டும் என்பது என் கட்சி. ஆனால் 'வேர்மண்டலம்' வேண்டாம். வேளாண் துறையினர் அதை வேரைச் சுற்றிய மண்ணுக்குப் புழங்குகிறார்கள்.

> 'வேர் வட்டம்' சுருக்கமாக இருக்கிறதே?

சுருக்கம்தான். தாலுகா நினைவு வருவதைக்கூட விட்டுவிடலாம், வடிவம்தான் இடிக்கிறது. கட்டுமானத் தள மரங்களுக்கான பி.எஸ். 5837 என்ற பிரித்தானியத் தர ஆவணத்தில், 1.5 மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்து, அதன் 12 மடங்கை ஆரமாகக் கொள்ளச் சொல்கிறார்கள். உச்சவரம்பு 15 மீட்டர். கணக்கு வட்டத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் ஒரு பக்கம் பழைய சாலையோ கட்டடமோ இருந்து வேர் அங்கே ஓடவில்லை என்றால், மரம் அறிந்தவர் பார்த்து வடிவத்தை மாற்றலாம், மொத்தப் பரப்பளவு குறையக்கூடாது. காக்கப்படுவது பரப்பு, எனவே 'வட்டம்' பொருந்தாது.

நான் முன்வைப்பது வேர்க்காப்புப் பரப்பு. காப்புக்காடு என்று வனத்துறைப் பலகையிலேயே பார்த்துப் பழகியவர்கள் நாம். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லை தாண்டக்கூடாது என்பதும் தெரியும். விதிக்குக் கட்டுப்பட்ட இடம் என்ற பொருள் 'காப்பு' என்ற சொல்லிலேயே இருக்கிறது. சுற்றி அடைப்பது வேர்க்காப்பு வேலி. தளத்தில் பேசும்போது 'வேர்க்காப்புக்குள்ள கம்பி இறக்காதே' என்றால் போதும்.

> 12 மடங்கு விட்டம் என்றால் மேஸ்திரி எப்படி அளப்பார்? பெரிய புளியமரத்துக்கு விட்டம் எடுக்க முடியுமா?

விட்டம் வேண்டாம், கயிறு போதும். நெஞ்சளவு உயரத்தில் மரத்தைச் சுற்றிக் கயிறு பிடியுங்கள். அந்தக் கயிற்றளவைப் போல் நான்கு மடங்கு தள்ளிக் கோடு போடுங்கள். சுற்றளவு என்பது விட்டத்தைப் போல் பை (π, ஏறக்குறைய 3.14) மடங்கு. 12-ஐ அந்தப் பையால் வகுத்தால் 3.8 வருகிறது, நான்கு என்று வைத்தால் மரத்துக்குச் சாதகம். 3 மீட்டர் சுற்றளவுள்ள நெடுஞ்சாலைப் புளிக்குச் சூத்திரப்படி ஏறக்குறைய 11.5 மீட்டர், கயிற்றுக் கணக்கில் 12.

தில்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குக் கான்கிரீட்டைப் பெயர்த்தெடுக்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது. அது ஏற்கெனவே கழுத்து நெரிபட்ட மரத்துக்கு மூச்சுவிட வழி. நாம் பேசுவது வேலை தொடங்கும் முன் ஒதுக்கவேண்டிய இடம். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், 'ஒரு மீட்டர் விட்டாச்சு சார்' என்று காட்டித் தப்பிவிடுவார்கள்.

> 'வேர்க்காப்பு எல்லை' என்றால்?

எல்லை என்பது கோடுதானே. வேலி போடும் இடத்தைக் குறிக்க வைத்துக்கொள்ளலாம், எனக்கு மறுப்பில்லை. பரப்புக்குப் பரப்பு என்றே இருக்கட்டும்.

ஒப்பந்தப் படிவத்தில் இப்படி எழுதிப் பார்த்தேன், இடறினால் திருத்துங்கள்:

"வேர்க்காப்புப் பரப்பினுள் மண் வெட்டுவதோ நிரப்புவதோ, பொருள்களை அடுக்குவதோ, வண்டி நிறுத்துவதோ, கலவை கழுவுவதோ கூடாது. வேலை முடியும்வரை வேர்க்காப்பு வேலியை அகற்றக்கூடாது."