‘அக்ரொஸ்’ எங்கே, ‘த்ரூ’ எங்கே?

கேள்வி: தரம் 10 மாணவனின் தாய், களுவாஞ்சிகுடி

வணக்கம். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் படகுப் பாதையில் சென்றதைப் பற்றி என் மகன் எழுதிய ஆங்கிலக் கட்டுரையில், ‘வி வென்ட் த்ரூ த லகூன்’ என்ற வசனத்தில் இருந்த ‘த்ரூ’வை வெட்டி, ஆசிரியர் ‘அக்ரொஸ்’ என்று திருத்தியிருக்கிறார். அக்கரைப்பற்று பஸ் கல்முனை ஊடாகப் போவதற்கு ‘த்ரூ’ பொருந்துமென்றால், வாவி ஊடாகப் போகும் படகுக்கு ஏன் பொருந்தாது என்று அவன் கேட்கிறான். யாராவது விளக்குவீர்களா?

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், கல்லடி

மகனின் கேள்வி நியாயமானது, சகோதரி. போகிறவர் ஒரு பரப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்தை அடைகிறாரா, அல்லது தம்மைச் சூழ்ந்திருக்கும் ஒன்றினுள் புகுந்து வெளியேறுகிறாரா என்பதைத்தான் ஆங்கிலம் பார்க்கிறது. படகு நீர்ப்பரப்பின் மேல் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போவதால் அதற்கு ‘அக்ரொஸ்’. பஸ்ஸோ இருபுறமும் கடைகளும் வீடுகளும் நெருங்கிய நகருக்குள் நுழைந்து மறுமுனையில் வெளியேறுவதால் அதற்கு ‘த்ரூ’.

வயலை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்து வெறுந்தாள் மட்டும் நிற்கும் வயலைக் கடப்பவர் ‘அக்ரொஸ் த ஃபீல்ட்’ போகிறார். இடுப்பளவு வளர்ந்த நெல்லை விலக்கிக்கொண்டு நடப்பவர் ‘த்ரூ த ஃபீல்ட்’ போகிறார். வயல் ஒன்றுதான், நிலைமைதான் வேறு. அதேபோல, அந்தப் படகு கண்டல் மரங்களுக்கிடையே நுழைந்து சென்றிருந்தால், ‘த்ரூ த மாங்குரோவ்ஸ்’ என்று மகன் தாராளமாக எழுதியிருக்கலாம்.

பதில்: உயர்தர மாணவி, ஏறாவூர்

ஐயா, கல்லடிப் பாலத்தில் நடந்து போவதற்கு ‘ஓவர்’ வருமா, ‘அக்ரொஸ்’ வருமா?

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், கல்லடி

இரண்டும் வரும், மகள். 1924இல் திறக்கப்பட்ட பழைய பாலமானாலும் பக்கத்திலுள்ள புதிய பாலமானாலும் அதில் மாற்றமில்லை. ஆனால் மதிலில் ஏறி மறுபுறம் குதிப்பவருக்கு ‘ஓவர்’ மட்டுமே பொருந்தும், ஏனென்றால் அங்கே உயரத்தைத் தாண்டுவதுதான் செயல்.

பதில்: தனியார் வகுப்பு ஆசிரியை, அக்கரைப்பற்று

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ‘ஐ அக்ரொஸ்ட் த ரோட்’ என்று எழுதும் பிள்ளைகளை என் வகுப்பில் அடிக்கடி காண்கிறேன். ‘க்ரொஸ்’தான் வினைச்சொல், ‘அக்ரொஸ்’ தனியே வினையாகாது என்பதால், அதற்கு முன் ‘வென்ட்’, ‘வோக்ட்’, ‘ரான்’ போன்ற ஒரு வினை வந்தே ஆகவேண்டும்.